கோடுகளுக்கு முந்திய ஊர்கள்

மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது, சித்தூர் மாவட்டத்தின் குடுபல்லி. ஜமீன், தாலுகா, மண்டலம், வருவாய்க் கோட்டம் என்று மேலே பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கீழே ஊர் மட்டும் எதனால் ஊராகவே நிற்கிறது?

குடுபல்லியிலிருந்து சித்தூருக்கு ரயிலில் போக வேண்டுமென்றால், தமிழ்நாட்டுக்குள் நுழையாமல் போகவே முடியாது. குப்பமும் மல்லானூரும் தாண்டினால் பச்சூர். அது திருப்பத்தூர் மாவட்டம். ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் என்று வந்து காட்பாடியில் வடக்கே திரும்பினால்தான் சொந்த மாவட்டத்தின் தலைநகரை எட்ட முடியும். எதிர்த்திசையில் ஏறினால் கதை வேறு. பிசாநத்தம் தாண்டிச் சிறிது நேரத்தில் கர்நாடகம். பங்காரப்பேட்டையில் இறங்கினால் கோலார் தங்கவயல் பக்கத்தில். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் பெங்களூரு.

நிலையம் இருப்பது ஆந்திரத்தில். அதை நடத்துவது தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். நடைமேடையில் காதில் விழுவது தெலுங்கும் தமிழும் கன்னடமும் தக்கினி உருதும். கூலி வேலைக்கும் கட்டட வேலைக்கும் பெங்களூரு போகிறவர்களுக்கு இந்தத் தண்டவாளம்தான் பிழைப்பு. மாநிலத் தலைநகர் அமராவதி இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால். பெங்களூரு சுமார் 100 கிலோமீட்டர்தான்.

மாநிலம் ஒன்று, பிழைப்பு இன்னொன்று, பெண் கொடுத்து எடுப்பது மூன்றாவது. இப்படி வாழ்கிறவர்களிடம் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டால் மண்டலத்தின் பெயரோ மாவட்டத்தின் பெயரோ முதலில் வராது. சில நூறு பேர் வாழும் பல்லியோ குட்டையோ கொத்தூரோதான் பதிலாக வரும். அந்தச் சின்னப் பெயரை நாம் எவ்வளவு அலட்சியமாகக் கையாள்கிறோம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மேட்டு நிலத்து ஊர்கள்

குப்பம் நகரைச் சுற்றி குப்பம், குடுபல்லி, சாந்திபுரம், ராமகுப்பம் என நான்கு மண்டலங்கள். மைசூர் மேட்டுநிலத்தின் கிழக்கு ஓரம் இது. பாறைக் குன்று, ஏரி, மானாவாரிக் காடு, நடுவே ஊர் என்பதுதான் எங்கும் அமைப்பு. மழையை நம்பி நிலக்கடலையும் கேழ்வரகும். கிணறோ போர்வெல்லோ கைகொடுத்தால் தக்காளி, காய்கறி, மல்பெரி. பட்டுப்புழு வளர்ப்பும் கறவை மாடும் இல்லாமல் இங்கே பல குடும்பங்களுக்கு மாதம் ஓடாது. குப்பம் பச்சை என்ற பெயரில் விலைபோகும் கிரானைட் இந்தப் பாறைகளிலிருந்து வெட்டப்படுவதுதான்.

குடுபல்லி மண்டலத்தின் அடியில் தங்கமும் இருக்கிறது. கோலார் தங்கப்பாறைப் படுகை கர்நாடகத்தில் தொடங்கித் தெற்கே இறங்கி, ஆந்திரத்தின் இந்த மூலையைத் தொட்டு, தமிழ்நாட்டு எல்லை வரை நீளுகிறது. சிகர்குண்டாவிலும் பிசாநத்தத்திலும் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கம் நடத்தியது. 2001இல் கோலார் தங்கவயலோடு அதற்கும் பூட்டு விழுந்தது. தங்கவயலை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரு ரயிலைப் பிடிக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். மூடிய சுரங்கத்தை மறுபடி திறக்கும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஊரில் எதிர்பார்ப்பும் எழுகிறது.

இதே மண்டலத்தின் குடிவங்கவுக்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று முருகன் கோயில். ஆடிக் கிருத்திகைக்கு இங்கே காவடி எடுக்க மூன்று மாநிலத்துச் சனமும் வருகிறது. மற்றொன்று அகஸ்தியா அறக்கட்டளையின் அறிவியல் வளாகம். 1999இல் தொடங்கிய அந்த அமைப்பு, புல்லும் முளைக்காத 172 ஏக்கர் மேட்டைக் காடாக்கி, கிராமத்துப் பிள்ளைகள் கையால் தொட்டு அறிவியல் படிக்கும் இடமாக மாற்றியிருக்கிறது. குப்பத்தை ஒட்டி 1997இல் வந்தது திராவிடப் பல்கலைக்கழகம். ஆந்திரம் தொடங்கி, தமிழ்நாடும் கர்நாடகமும் கேரளமும் கைகொடுத்த அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தென்னாட்டில் இதைவிடப் பொருத்தமான மண் கிடைத்திருக்காது.

மேலே மாறிய பெயர்கள்

இந்த நிலத்தின் மேல் எத்தனை நிர்வாகங்கள் வந்துபோயின என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. முதலில் கங்குந்தி பாளையம். பிறகு அதுவே ஜமீன். கோட்டையின் மிச்சத்தோடு கங்குந்தி இன்றும் குப்பத்தின் பக்கத்தில் ஓர் ஊராக இருக்கிறது. ஜமீனை உள்ளடக்கியது ஆங்கிலேயரின் வட ஆர்க்காடு மாவட்டம். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் பாதை போனபோது, ஜமீன் கிராமங்கள் இருப்புப்பாதை ஓரத்து ஊர்கள் ஆயின.

1911 ஏப்ரல் 1ஆம் தேதி, வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் நிலப்பகுதிகளைப் பிரித்தெடுத்துச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 1948இல் சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் முழுதாக அந்தப் பக்கம் போனது.

ஊர்க்காரர்களை நேரடியாகத் தொட்ட மாற்றங்கள் அதற்குப் பின்னர் வந்தவை. தமிழ்நாட்டில் 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்ததைப் போல, 1984இல் என்.டி. ராமராவ் அரசு ஆந்திரத்தில் ஒழித்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுத் திண்ணையில் இருந்த அடங்கல் அரசு அலுவலகத்துக்கு நகர்ந்தது. அடுத்த ஆண்டே தாலுகாக்களை உடைத்து 1,100க்கு மேற்பட்ட மண்டலங்கள் உருவாயின. குடுபல்லி ஒரு மண்டலத் தலைமையிடம் ஆனது அப்படித்தான். சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் நாள் முழுக்கப் போய்த் திரும்ப வேண்டியிருந்த விவசாயிக்கு எம்.ஆர்.ஓ. ஆபீஸ் என்ற மண்டல வருவாய் அலுவலகம் அருகே வந்தது பெரிய விடுதலை. 2019 அக்டோபர் 2இல் கிராமச் செயலகங்கள். 2022 ஏப்ரல் 4இல் பழைய சித்தூர் மாவட்டம் உடைந்து, திருப்பதி தனி மாவட்டமானது. குப்பம் வருவாய்க் கோட்டமானது.

இவற்றில் நல்லது பல உண்டு. அலுவலகம் அருகே வர வர ஏழைக்கு நடை குறைகிறது. ஆனால் அரசு ஆவணத்தில் கடைசிப் படி வருவாய்க் கிராமம். அதற்குள் நாலைந்து குக்கிராமங்கள் அடங்கியிருக்கும். ஒன்றில் தமிழ் பேசுவார்கள், அடுத்ததில் தெலுங்கு, ஓடை தாண்டினால் கன்னடம். அந்த வித்தியாசம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

எல்லை போடும்போது அலகு எது?

ஊருக்கு எல்லைக்கோட்டில் என்ன பங்கு என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் ஒரு முக்கியமான வரலாறு உண்டு. திருத்தணிக்கும் சித்தூருக்கும் மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் தமிழ் வாசகருக்குத் தெரியும். அதன் முடிவை எழுதியவர் எச்.வி. படாஸ்கர். மத்தியஸ்தராக வந்த அவர் கையாண்ட விதி மூன்று சொற்களில் அடங்கும்: கிராமமே அலகு, நிலத்தொடர்ச்சி, மொழிப் பெரும்பான்மை. தாலுகாவை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல் கிராமம் கிராமமாகப் பார்த்துப் பிரித்தார். நாடாளுமன்றம் 1959இல் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. குப்பம் பக்கம் சித்தூரோடு நின்றது.

இந்த விதியின் அருமை, அது இல்லாமல் போன இடத்தைப் பார்த்தால் விளங்கும். அயர்லாந்தைப் பிரித்த பிறகு, 1921 ஒப்பந்தத்தின்படி ஓர் எல்லை ஆணையம் அமைய வேண்டியிருந்தது. மக்களின் விருப்பத்தைப் பார்த்து எல்லை போடுங்கள் என்றது ஒப்பந்தம். எந்த அலகில் அந்த விருப்பத்தைக் கணக்கிடுவது என்பதை மட்டும் சொல்லவில்லை. கவுண்டி என்ற மாவட்டமா, தேவாலயப் பங்கா, சிற்றூரா? நீதிபதி ரிச்சர்ட் ஃபீத்தம் தலைமையில் 1924, 1925இல் வேலை செய்த ஆணையம் வாக்குப் பிரிவுகளை எடுத்துக் கணக்குப் போட்டது. அறிக்கை வெளிவரும் முன்பே கசிந்து பெரும் சர்ச்சையாகி, அதை மூடி வைத்துவிட்டார்கள். 1969இல்தான் அது அச்சேறியது. பழைய கவுண்டி எல்லையே நாட்டெல்லையாக நின்றுவிட்டது.

அதன் விளைவை பெட்டிகோ என்ற சின்ன ஊரில் பார்க்கலாம். ஊர் நடுவே டெர்மன் ஆறு. ஒரு கரை அயர்லாந்துக் குடியரசின் டோனகல் கவுண்டி. மறுகரை பிரிட்டன் கைவசமிருக்கும் ஃபெர்மனா. ஒரே கடைத்தெருவில் பழகியவர்களுக்கிடையே நாட்டெல்லை விழுந்தது. ஆனால் கத்தோலிக்க மறைமாவட்டங்களும் பங்குகளும் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. நாட்டெல்லையின் இருபுறத்தையும் சேர்த்து ஆளும் மறைமாவட்டங்கள் இன்றும் அங்கே உண்டு.

அயர்லாந்துச் சிற்றூர்களுக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 1820களில் தொடங்கி இருபது ஆண்டுகள் பிரிட்டிஷ் நில அளவைத் துறை அந்த நாட்டின் 60,000க்கு மேற்பட்ட சிற்றூர்களின் எல்லையை அளந்து வரைபடமாக்கியது. ஜான் ஓடோனவன் ஊர் ஊராக நடந்து, முதியவர்களைக் கேட்டுப் பெயர்களைப் பதிந்தார். 1829இல் அங்கே போய் அந்த அளவை முறையைப் பார்த்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அங்கே பயன்பட்ட, வெப்பத்தால் நீளம் மாறாத அதே வகை அளவுச் சட்டங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பரங்கிமலை அருகே 1802இல் லாம்டன் தொடங்கிய பெரிய முக்கோண அளவை அந்தச் சட்டங்களோடு முன்னேறியது. நிலத்தை அளக்கும் கருவி நமக்கு வந்து சேர்ந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டு எழுத ஓர் ஓடோனவன் நம் குக்கிராமங்களுக்கு வரவில்லை.

தலைக்கட்டு சொல்லும் கணக்கு

அரசு எழுதாவிட்டால் ஊர் அழிந்துவிடுமா? இல்லை. ஊருக்கென்று சொந்தப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதைத் திருவிழாவில் பார்க்கலாம்.

கோடையில் இந்த வட்டாரமெங்கும் கங்கம்மா ஜாத்திரை. மே மாதத்துக் குப்பம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்குப் பெங்களூரு வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள். தர்மராஜா கோயில் உள்ள ஊர்களில் பாரதம் நடக்கும். பகலில் கதை சொல்லுவார்கள், இரவில் கூத்து. சில ஊரில் தமிழில், சில ஊரில் தெலுங்கில். அர்ச்சுனன் தபசன்று வேடக்காரர் உயர்ந்த கம்பத்தின் மேல் ஏறி, பாட்டுப் பாடி, எலுமிச்சம்பழமும் விபூதியும் கீழே எறிவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு கம்பத்தடியில் முந்தானை ஏந்திக் காத்திருப்பார்கள்.

கடைசி நாள் படுகளம். ஊர்ப் பொதுவிடத்தில் மண்ணைக் குவித்துத் துரியோதனனைப் படுத்த வாக்கில் செய்வார்கள். ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு நீளம். மீசை, கிரீடம், மார்பு எல்லாவற்றுக்கும் வண்ணம். வேடக்காரர்கள் அந்த மண்ணுடம்பின் மேலேயே ஏறி ஓடிச் சண்டையிடுவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் செந்நிறம் வழியும். திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி.

இந்த விழாவுக்கான செலவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம் கேள்விக்குப் பதில். ஊர்க்கூட்டம் போட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வைப்பார்கள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவன் தனித் தலைக்கட்டு. பெங்களூரில் பத்து வருடமாகக் குடியிருப்பவனும் வரி கட்டினால் ஊர்க்காரன்; அவன் வீட்டுக்கும் தாம்பூலம் உண்டு. வரி வாங்காமல் ஒதுக்கினால், அந்தக் குடும்பத்தை ஊர் தள்ளிவைத்திருக்கிறது என்று பொருள். அந்த அதிகாரத்தைச் சாதியின் பெயரால் தவறாகப் பயன்படுத்தும் ஊர்களும் உண்டு. சேரியின் வரியை வாங்கிக்கொண்டு சாமியை அந்தத் தெருவுக்குக் கொண்டுபோகாத கொடுமை இன்னும் ஒழியவில்லை. ஊர் என்பதைப் போற்றும்போது இந்தக் கறையை மறைக்கக் கூடாது. எல்லாத் தெருவும் சேர்ந்தால்தான் அது ஊர்.

அயர்லாந்தில் இந்த வேலையைப் பங்கு செய்கிறது. 1884இல் தர்லஸ் நகரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் பெரும்பாலும் பங்குகளை ஒட்டியே தன் கிளப்புகளை அமைத்தது. சொந்தப் பங்கின் அணிக்குத்தான் ஆட வேண்டும் என்ற விதி பல கவுண்டிகளில் இன்றும் இருக்கிறது. லீட்ரிம் என்ற சிறிய கவுண்டியில் 1841இல் 1,55,297 பேர் இருந்தார்கள். பஞ்சமும் கப்பலேற்றமும் அவர்களைக் கொண்டுபோய், 2022 கணக்கில் மிஞ்சியவர்கள் 35,199 பேர். நான்கில் மூன்று பங்குக்கும் மேல் சனம் இல்லாமல் போன பின்பும் அங்கே சிற்றூர்ப் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. பெயரை எழுதி வைத்ததும், அந்தப் பெயரில் சனம் வருடா வருடம் ஒன்றுகூடியதும் இரண்டும் சேர்ந்ததால்தான் அவை பிழைத்தன. நம்மிடம் இரண்டாவது இருக்கிறது, முதலாவது இல்லை.

கோட்டின் விலை

எழுதப்படாத ஊர் என்ன இழக்கிறது? முதல் இழப்பு பள்ளிக்கூடத்தில். 1956இல் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியல் சாசனத்தில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது. எல்லைகளை மொழிவாரியாக வெட்டிய அதே ஆண்டில், வெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளை நினைத்து எழுதிய பிரிவு அது. வீட்டில் தமிழ் பேசும் குப்பம் பக்கத்துப் பிள்ளைக்கும், வீட்டில் தெலுங்கு பேசும் ஓசூர், வேப்பனப்பள்ளி பக்கத்துப் பிள்ளைக்கும் அது ஒன்றே. 2006இல் தமிழ்நாடு தமிழ்க் கல்விச் சட்டம் கொண்டுவந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தெலுங்கர்கள் எழுப்பிய கவலையை நாம் காது கொடுத்துக் கேட்டால்தான், குப்பத்துத் தமிழருக்காக ஆந்திரத்திடம் பேச நமக்கு வாய் இருக்கும்.

அடுத்தது சான்றிதழ். எல்லை தாண்டிப் பெண் எடுப்பது இங்கே அன்றாடம். ஆனால் இடஒதுக்கீட்டுப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள வன்னியருக்கு, ஆந்திரத்தில் பிரிவு வேறு. பட்டியல் சாதிப் பெண் மணமாகி இந்தப் பக்கம் வந்தால், பிறந்த மாநிலத்தின் சலுகை கூடவே வருவதில்லை.

மூன்றாவது தண்ணீர். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தில் சுமார் 33 கிலோமீட்டர் ஓடி, தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 2016இல் குப்பம் பக்கத்துத் தடுப்பணையின் உயரத்தை ஆந்திரம் கூட்டியபோது வாணியம்பாடி பக்கத்து விவசாயிகள் கொதித்தார்கள். அணைக்கு மேலேயும் கீழேயும் நின்ற பலருக்குப் பேச்சு ஒன்றே; உறவும் உண்டு. 2025 ஆகஸ்டில் ஹந்திரி-நீவா கால்வாய் வழியாக, ஸ்ரீசைலத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கிருஷ்ணா நீர் குப்பத்தை எட்டியது. வறண்ட ஏரிகளுக்கு அது நியாயமாகவே பெரும் கொண்டாட்டம். இனி எந்த ஏரி முதலில் நிரம்பும், எந்தக் குக்கிராமத்துக்கு மதகு திறக்கும் என்ற கேள்வி எழும்போது, பெயரே பதிவாகாத ஊர் வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

எழுதி வையுங்கள்

கோட்டை அழித்துப் போடச் சொல்லி யாரும் இங்கே கேட்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழகிவிட்ட எல்லை அது. அதை மறுபடி கிளறினால் துன்பப்படுவது முதலில் இந்த ஊர்களே. கேட்பது சின்ன விஷயம், செய்யக்கூடிய விஷயம்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நாடெங்கும் நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் இறுதியோடு உறைய வைத்திருக்கிறார்கள். கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் தாய்மொழியும் கேட்கப்படுகிறது. ஆனால் அந்தக் கணக்கு வெளிவருவது மாவட்டம், மண்டலம் என்ற மேல்மட்டத்தில். படாஸ்கர் வைத்த விதியை மதித்து, ஊர்வாரியாக அதை வெளியிட வேண்டும். எந்த ஊரில் தமிழ் ஆசிரியர் வேண்டும், எந்த ஊரில் தெலுங்கு ஆசிரியர் வேண்டும் என்பதற்கு அதன் பிறகு யாரும் அரசியல்வாதியின் தயவை நாட வேண்டியிருக்காது.

இரண்டாவது, ஒவ்வொரு கிராமசபையும் தன் எல்லைக்குள் உள்ள குக்கிராமம், ஏரி, ஓடை, குன்று, கோயில், சுடுகாடு அனைத்தின் பெயரையும் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் விதமாகவே பதிந்து, தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். திராவிடப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் விடுமுறை நாளில் நோட்டுப் புத்தகத்தோடு புறப்பட்டால் குடுபல்லி மண்டலத்தை ஒரே கோடையில் முடித்துவிடலாம். அந்தப் பல்கலைக்கழகத்தை நான்கு மாநிலங்களும் சேர்ந்து உருவாக்கியது இதைப் போன்ற வேலைக்குத்தான்.

மூன்றாவது வேலை நம்முடையது. கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் மாவட்டங்களின் எல்லை ஊர்களிலும் இதே பதிவேடு தேவை. அதில் தெலுங்குப் பெயர்கள் தெலுங்காகவே ஏற வேண்டும். தமிழ்நாடு இதை முதலில் செய்தால், ஆந்திரத்திடம் கேட்கும் உரிமை தானாக வந்துவிடும். அடுத்த முறை மண்டலத்தையோ மாவட்டத்தையோ பிரிக்க வரைபடத்தோடு ஓர் அதிகாரி வருவார், நிச்சயம் வருவார். அவர் மேசையில் அந்தப் பதிவேடு தயாராக இருக்க வேண்டும். ஊர் எது, அதன் பேச்சு எது, யாரோடு அது சேர்ந்து வாழ்கிறது என்பதை அதைப் படித்த பிறகே அவர் பேனாவை எடுக்க வேண்டும்.